துள்ளலா, தாண்டலா?

ஓர் உயிர் நிலத்தை விட்டு மேலெழும் செயலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. துள்ளுதல், குதித்தல், தாவுதல், தாண்டுதல், பாய்தல் ஆகிய ஐந்தும் நாள்தோறும் நம் வாயில் வழங்குபவை. அகராதியைப் புரட்டினால் ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லே பொருளாகத் தரப்பட்டிருக்கும். ஆயினும் ஒரு நாயை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஐந்தும் ஐந்து வேறு செயல்கள் என்பது உடனே விளங்கிவிடும்.

வீட்டார் வருவதைக் கண்டு, நின்ற இடத்திலேயே மகிழ்ச்சியால் எழுந்து எழுந்து விழுவது துள்ளல். மதிலின் மேலிருந்து கீழே இறங்குவது குதித்தல். திண்ணையிலிருந்து வண்டிக்குப் போவது தாவுதல். குறுக்கே கிடக்கும் வேலியையோ ஓடையையோ கடப்பது தாண்டுதல். எறிந்த பந்தின் மேல் விரைந்து விழுவது பாய்தல்.

இலக்கணமும் இவ்வேறுபாட்டை அறியும். ‘நாய் துள்ளியது’ என்றால் வாக்கியம் நிறைவு பெறுகிறது; துள்ளுதல் செயப்படுபொருள் குன்றிய வினை. ‘நாய் தாண்டியது’ என்றால் ‘எதை?’ என்னும் வினா எழுகிறது. ‘வாய்க்காலை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்து நின்றால்தான் பொருள் முழுமையடையும். தாவுதலுக்கு ‘எங்கிருந்து, எங்கே’ என்னும் இரண்டு இடங்கள் வேண்டும். பாய்தலுக்கு ஓர் இலக்கு வேண்டும்.

வெளியிடத்தில் நாய் எழும்பும் கணத்தை ஒளிப்படமாக எடுக்க விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியதும் இதுவே. துள்ளலைக் காட்டுவதற்கு நாயும் நிலமும் இடையிலுள்ள வெளியும் போதும். தாண்டுதலைக் காட்ட வேண்டுமாயின், தாண்டப்படும் பொருளும் சட்டகத்துக்குள் இருந்தாக வேண்டும். தாவுதலுக்கு இரு கரைகளும் தெரிய வேண்டும். பாய்தலுக்கு இலக்கு இருக்கும் பக்கத்தில் இடம் விட வேண்டும். எந்த வினைச்சொல்லுக்குப் படம் எடுக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் பொத்தானை அழுத்தினால், அந்தரத்தில் ஒரு நாய் தொங்கும். அது என்ன செய்கிறது என்பது மட்டும் விளங்காது.

இதை நான் இலக்கண வகுப்பில் சொல்வதுண்டு. எனினும் இவ்வுண்மையின் முழு ஆழத்தையும் எனக்குக் காட்டியது மாட்டுப்பட்டியில் வாழும் ஒரு மாணவியின் வேண்டுகோள்.

மாட்டுப்பட்டி, மூணாற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர். அணையும் நீர்த்தேக்கமும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்தது. இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் 1963-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி உருவான கால்நடைப் பண்ணையும் இங்குள்ளது. சுவிட்சர்லாந்தின் பழுப்பு நிறக் காளைகளையும் கேரளத்து நாட்டுப் பசுக்களையும் கலந்து ‘சுனந்தினி’ என்னும் கறவை இனத்தை உருவாக்கிய பணியில் இப்பண்ணைக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழில் ‘பட்டி’ என்பது கால்நடைகளை அடைக்கும் இடம். ஆகவே ஊரின் பெயர் பொருத்தமானதே. மலையாளத்திலோ ‘பட்டி’ என்றால் நாய். இவ்வூரின் பெயரை நான் கரும்பலகையில் எழுதியபோது, தமிழைப் புதிதாகக் கற்கத் தொடங்கியிருந்த மலையாள மாணவன் ஒருவன், “டீச்சர், அங்கே இருப்பது மாடா, நாயா?” என்று கேட்டான். இரண்டும் உண்டு என்றேன்.

தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளை லயம் என்பர். மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மலையேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் அங்கு வாழ்கின்றனர். ஒவ்வொரு லயத்திற்கும் இரண்டு மூன்று நாய்கள் காவல் இருக்கும். அவற்றுக்கு உரிமையாளர் இன்னார் என்று சொல்வது கடினம். உணவிடும் வீடுகள் அனைத்திற்கும் அவை உரியவை.

எங்கள் பள்ளி விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, அத்தகைய லயம் ஒன்றில் தன் ஆச்சியிடம் வளர்ந்தவள். பெற்றோர் திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் வேலை செய்தனர். ஆச்சி கொழுந்து பறிக்கும் தொழிலாளி. அவர் அவ்வாண்டு பணி ஓய்வு பெற இருந்தார். குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டப் பணியில் இருந்தால்தான் லயத்து வீட்டில் தொடர்ந்து குடியிருக்க இயலும். பணி முடிந்தால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஆச்சி திருப்பூருக்குச் செல்வதென்று முடிவாயிற்று. அங்கே இருப்பது ஒற்றை அறை வீடு. கருப்பன் என்னும் நாயை அழைத்துச் செல்ல வழியில்லை. பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டனர்.

நான் ஒளிப்படம் எடுப்பேன் என்பதை அம்மாணவி அறிவாள். விடுமுறைக்கு முன் என்னிடம் வந்து, “டீச்சர், கருப்பனை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும்” என்றாள். துள்ளும்போது எடுத்தால் அழகாக இருக்கும் என்றேன். அவள் தலையசைத்து மறுத்தாள். “துள்ளுகிற படம் வேண்டாம் டீச்சர். வாய்க்காலைத் தாண்டும் படம் வேண்டும்.”

அவள் சொன்ன வாய்க்கால் லயத்தின் முன்புறம் ஓடும் மழைநீர் வாய்க்கால். ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலம். அதற்கு அப்பால் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் ஒற்றையடிப் பாதை. கருப்பன் குட்டியாக இருந்தபோது அவ்வாய்க்காலைக் கடக்க இயலாமல் கரையில் நின்று அழுமாம். ஆச்சி வந்துதான் தூக்கிச் செல்வாராம். வளர்ந்தபின், மாலையில் ஆச்சியின் குரல் பாதையில் கேட்டதும் ஒரே எழும்பலில் வாய்க்காலைத் தாண்டிச் சென்று அவரை எதிர்கொள்ளும். தனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் கண்ட காட்சி அதுதான் என்றாள். துள்ளல் எந்த நாய்க்கும் உரியது. அந்தத் தாண்டல் கருப்பனுக்கு மட்டுமே உரியது என்பதை அவள் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. வினைச்சொல்லை மாற்றினாள், அதுவே போதுமாக இருந்தது.

விடுமுறையில் மாட்டுப்பட்டிக்குச் சென்று மூன்று மாலைப்பொழுதுகள் அங்கிருந்தேன். முதல் மாலையில் கருவியை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. நாய் எங்கே நிற்கிறது, எந்தக் காலை ஊன்றி எழுகிறது, எங்கே இறங்குகிறது, கதிரவன் எப்பக்கம் சாய்கிறான் என்பவற்றை மட்டுமே பார்த்தேன். விலங்குகள் நாள்தோறும் செய்யும் செயலைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே முறையில்தான் செய்கின்றன. அந்த இடத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாய் வந்தபின் அதனைத் துரத்திக் குவியம் தேட வேண்டியதில்லை; அது வரப்போகும் இடத்தில் முன்னரே குவியத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம்.

இங்கே சற்று அறிவியலும் வேண்டும். மனிதக் கண்ணால் விரைந்த அசைவுகளைப் பிரித்தறிய இயலாது. பாய்ந்தோடும் குதிரையை ஓவியர்கள் நெடுங்காலம் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டியபடி அந்தரத்தில் வரைந்து வந்தனர். 1878-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் கீழ் மடங்கியிருப்பதை உலகம் கண்டது. ஓவியர் காட்டிய நீட்டிய தோற்றம் குதிரைக்குப் பொருந்தவில்லை. ஆனால் நாய்க்குப் பொருந்தும். முழு வேகத்தில் ஓடும் வேட்டைநாய் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அந்தரத்தில் இருக்கும்: ஒருமுறை கால்களை நீட்டியபடி, மறுமுறை மடக்கியபடி.

கருப்பன் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வாய்க்காலைக் கடப்பதாகக் கொள்வோம். ஷட்டர் ஒரு விநாடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் நாய் இராது, ஒரு கரும் புகைதான் இருக்கும். 1,000-இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறந்திருந்தால் 6 மில்லிமீட்டர்தான் நகரும். உடலின் வடிவம் தெளிவாக நிற்கும். எனவே தாண்டும் நாய்க்கு 1,000-இல் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ நல்லது. அதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். மலையில் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்த ஒளி கிட்டாது. இரண்டாம் மாலை எனக்கு மூடுபனி மட்டுமே கிட்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. உடலை அரை மீட்டர் உயரத்திற்கு எழுப்பும் நாய் உச்சியை அடைய ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். இறங்க அதே அளவு. இந்த 0.6 விநாடியில் சரிபாதி நேரத்தை அது உயரத்தின் மேற்கால்பங்கிலேயே கழிக்கிறது. மேலே செல்லச் செல்ல ஏறும் வேகம் குறைந்து, உச்சியில் சுழியாகி, பின்னர் இறங்கும் வேகம் மெல்லக் கூடுவதே காரணம். நாய் அந்தரத்தில் சற்றே நிற்பது போல நமக்குத் தோன்றுவது கண்மயக்கன்று. அங்கே அது உண்மையாகவே மிகுதியான நேரம் இருக்கிறது. ஆனால் உச்சியைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் காலம் கடந்துவிடும். கண்டதை உணர்ந்து விரல் அசைவதற்கே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிவிடும். ஆகவே பின்கால்கள் தரையை உந்தும்போதே அழுத்தத் தொடங்கித் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்க வேண்டும்.

அடுத்தது, எந்த உயரத்திலிருந்து பார்ப்பது? நின்றபடி எடுத்தால் நாயின் முதுகும் அதன் பின்னே தரையும்தான் தெரியும். எவ்வளவு எழும்பினாலும் தரையில் ஒட்டியது போலவே தோன்றும். நாயின் கண்மட்டத்திற்கோ அதற்கும் கீழோ இறங்கினால், பாதங்களுக்கும் நிலத்திற்கும் இடையே வெளி தெரியும். அந்த வெளிதான் எழும்பலின் அளவைக் காட்டுவது. நாய்களைப் படமெடுப்பதில் பெயர்பெற்ற எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படத்தில், பெரிய நாயொன்றின் இரு கால்களும் ஒரு பெண்ணின் காலணிகளும் தொப்பியணிந்த சிறு நாய் ஒன்றும் மட்டுமே இருக்கும். உலகத்தைச் சிறு நாயின் உயரத்திலிருந்து காட்டியதால், மற்றவர்கள் அனைவரும் முழங்காலோடு முடிந்துவிட்டனர்.

மூன்றாம் மாலையில் வானம் தெளிந்தது. வாய்க்காலின் பக்கவாட்டில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, கருவியின் வழியே பார்த்தேன். நாய் சட்டகத்தை நிறைக்குமளவு நெருங்கி எடுத்தால் கம்பீரமாக இருக்கும். ஆனால் அவ்வாறு எடுத்தால் எதிர்க்கரையில் ஆச்சியின் பாதங்களும் சேலைக் கரையும் மட்டுமே தெரியும். என்னருகில் குனிந்து திரையைப் பார்த்த மாணவி, “ஆச்சி முகம் இல்லாமலா, டீச்சர்?” என்றாள்.

எழுவாய் இருந்தது, தாண்டப்படும் பொருள் இருந்தது, பயனிலையும் இருந்தது. ‘யாருக்காக’ என்பது மட்டும் இல்லை. ஆச்சி எதிர்க்கரையில் இல்லாவிட்டால் கருப்பன் அவ்வாய்க்காலைத் தாண்டுவதேயில்லை. எனவே பத்தடி பின்னால் நகர்ந்தேன். நாய் சட்டகத்தில் சிறிதாயிற்று. இடப்பக்கம் லயத்தின் வாசல், நடுவில் வாய்க்கால், வலப்பக்கம் பாதை. பாதைப் பக்கம் சற்று மிகுதியாக இடம் விட்டேன். செல்லும் திசையில் வெளி இருந்தால்தான் பார்ப்பவர் கண் நாயோடு சேர்ந்து நகரும். கருப்பன் கரிய நிறம். தேயிலைப் புதர்களின் அடர்பச்சைக்கு முன் நின்றால் நிறம் கலந்துவிடும். தாழ்ந்து படுத்திருந்ததால், அது எழும்பும்போது அதன் முதுகு புதர்களின் விளிம்பைக் கடந்து வெளிறிய வானத்தில் பதியும் என்பது தெரிந்தது. பக்கவாட்டில் விழுந்த மாலை வெயில் அதன் மயிரின் ஓரத்தில் வெள்ளிக்கோடு இட்டது.

உணவு காட்டியோ ஏவியோ அதனை எழும்பச் செய்யவில்லை. எர்விட் நாய்களைப் பார்த்துக் குரைத்து அவற்றைத் திரும்பச் செய்வாராம். எங்களுக்கு அதற்கும் தேவை ஏற்படவில்லை. ஆச்சி கொழுந்துச் சாக்கை ஒப்படைத்துவிட்டு, வழக்கம்போல் யாரோடோ பேசிக்கொண்டு பாதையில் இறங்கி வந்தார். கருப்பனின் காதுகள் நிமிர்ந்தன. அது ஓடியது, எழுந்தது. கருவி தொடர்ந்து ஒலித்தது. பதினொரு படங்கள் பதிவாயின.

அவற்றை இரவில் லயத்து வீட்டில் அமர்ந்து பார்த்தோம். ஆறாம் படத்தில் கருப்பன் உச்சியில் இருந்தது. நான்கு கால்களும் மடங்கி, வாய்க்காலின் நேர்மேலே ஒரு கரும்பறவை போல நின்றது. ஒளிப்படக் கலை அறிந்தோர் எவரும் அதனையே தேர்ந்தெடுப்பர். மாணவி அதைக் கடந்து சென்றாள். ஒன்பதாம் படத்தில் நிறுத்தினாள். அதில் பின்கால்கள் இன்னும் வாய்க்காலின் மேல் இருந்தன. முன்பாதங்கள் எதிர்க்கரையைத் தொட்டுவிட்டன. ஆச்சி பேச்சை நிறுத்திக் குனியத் தொடங்கியிருந்தார்.

“அந்தப் படத்தில் கருப்பன் இன்னும் போய்ச் சேரவில்லை டீச்சர். இதில் சேர்ந்துவிட்டது” என்றாள்.

ஆச்சி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். “எனக்கு இவ்வளவு நரையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். சற்று நேரம் அவர் வெளியே வரவில்லை.

மூணாற்றுக் கடையொன்றில் அப்படத்தை இரண்டு படிகள் அச்சிட்டேன். ஒன்று திருப்பூருக்கு, மற்றொன்று கருப்பனை ஏற்றுக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கு. கொடுக்கும் முன், படங்களின் பின்புறத்தில் எழுதுமாறு மாணவியிடம் பேனாவைத் தந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டு பழமையானது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக நாட்டப்பெற்றது. அக்கல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும், அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உருவம் மட்டும் இருந்திருந்தால், அது ஏதோ ஒரு நாய். பெயரும் வினையும் எழுதப்பட்டதால் அது கோவிவன். நம் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன. இருபது ஆண்டுகள் கழித்து அவற்றில் இருப்பவை எவை, எவர் என்று சொல்ல ஓர் எழுத்தும் உடனிராது.

மாணவி நெடுநேரம் எண்ணிப் பார்த்து எழுதினாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை அனைத்தும் அமைந்த ஒரே வாக்கியம். ஊரின் பெயரையும் நாளையும் கீழே குறித்தாள். வாக்கியம் இதுதான்: ‘ஆச்சி வேலை முடிந்து வரும்போது கருப்பன் வாய்க்காலைத் தாண்டும்.’

‘தாண்டியது’ என்று அவள் எழுதவில்லை.

கற்பவை கற்றபின்

1. துள்ளுதல், குதித்தல், தாவுதல், தாண்டுதல், பாய்தல் ஆகிய சொற்களை உங்கள் ஊரில் நீங்கள் கண்ட காட்சிகளோடு பொருத்தி, ஐந்து வாக்கியங்கள் எழுதுக. ஒவ்வொன்றிலும் வந்துள்ள வேற்றுமையைக் குறிப்பிடுக.

2. ‘தாண்டும்’ என்பதற்குப் பதிலாகத் ‘தாண்டியது’ என்று எழுதியிருந்தால் இறுதி வாக்கியத்தின் பொருள் எவ்வாறு மாறும்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. நீங்கள் நன்கு அறிந்த விலங்கு ஒன்றை, அது தானாகச் செய்யும் செயலின்போது ஒளிப்படம் எடுத்து, பெயர், இடம், நாள் ஆகியவற்றோடு ஒரு வாக்கியம் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக. முன்பின் அறியாத நாய்களை நெருங்காதீர்கள். வளர்ச்சி நிறைவுறாத குட்டிகளையும் முதிய நாய்களையும் தாண்டச் செய்யாதீர்கள். வழுக்கும் தரையும் சாலையோரமும் வேண்டா. நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, பெரியவர்களிடம் கூறி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.